பெருங்காய டப்பாவில் தங்கம்

பெண்சாதி தங்கம் கேட்டு உயிரை எடுக்கிறாள் என்று ஆபீசில் ஒவ்வொருத்தனும் புலம்புவான். என் வீட்டில் அந்தத் தொந்தரவு கிடையாது. அரசாங்கமே என் மனைவியின் கையில் தங்கத்தைக் கொடுத்து, இதைத் தட்டையாக்கிக் காட்டு என்று உட்கார்த்தி வைத்திருந்தது. என் உயிர் போனது அதனால்தான்.

அவள் பெயர் வள்ளியம்மை. காரைக்குடிப் பக்கம். எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு டெல்லிக்கு வந்தவள். நான் இராஜமாணிக்கம், ஒரு மத்திய அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். கிட்வாய் நகரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். அவளுக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் உத்தியோகம் கிடைத்தது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். டாக்டர் பட்டம் வாங்கினால்தான் மேலே போக முடியும், இல்லாவிட்டால் நேற்று வந்த பையன்களுக்குக் காலமெல்லாம் பம்ப் துடைத்துக் கொடுக்க வேண்டியதுதான் என்று ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். தலைப்பு, தங்கத்தை அணு அளவில் தட்டையாக, ஒழுங்காக ஆக்குவது.

"தங்கம் தட்டையாத்தானேடி இருக்கு? ஆசாரி அடிச்சுக் கொடுத்தா முகம் பார்க்கலாமே" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சோறு ஆறிப்போகிறவரை விளக்கினாள். நம் கண்ணுக்கு வழவழப்பாக இருக்கிற தங்கம் உண்மையில் மேடும் பள்ளமுமாக இருக்குமாம். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பழக்காரன் ஆரஞ்சை அடுக்குவானே, அப்படி அணுக்கள் வரிசை தப்பாமல் உட்கார்ந்த ஒரு தளம் அவளுக்கு வேண்டும். அது மட்டுமில்லை. அப்படிச் சுத்தமாக அமைந்துவிட்டால் மேல் வரிசை அணுக்கள் கீழ் வரிசையைவிடக் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருமாம். வெளிநாட்டில் தங்கப் படிகத்தைச் செதுக்கி அதைப் பார்த்திருக்கிறார்கள். நம் அபிரகத் தகட்டின், அதாவது மைக்காவின், மேல் பூசிய தங்கத்தில் அதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்கு ஆசை எல்லாம் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பதுதான்.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். பீகாரிலிருந்து வரும் அபிரகத்தை ஊசியால் பிரித்துப் புது முகம் எடுக்க வேண்டும். அதைக் கண்ணாடி மணி மாதிரி இருக்கிற ஒரு கூண்டுக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, தகட்டைச் சூடாக்கி, தங்கக் கம்பியை ஆவியாக்கி அதன்மேல் படியவிட வேண்டும். செய்து பார்த்தால்தான் தெரியும், கல்லில் நார் உரிக்கிற வேலை. நடுவில் கரண்ட் போகும். கரண்ட் இருந்தால் தண்ணீர் நிற்கும். தண்ணீர் நின்றால் பம்ப் கொதித்து அதன் எண்ணெய்ப் புகை மொத்தமும் கூண்டுக்குள் ஏறிவிடும். தண்ணீரும் கரண்டும் சேர்ந்து இருக்கிற நாளில் ராஜஸ்தானிலிருந்து ஆந்தி என்கிற புழுதிப்புயல் கிளம்பி ஜன்னல் இடுக்கு வழியாக மண்ணை வாரி இறைக்கும். தணிக்கைக்கு வந்த புண்ணியவான் ஒருத்தன், ஸ்டோரில் வாங்கிய தங்கம் எங்கே என்று கேட்டான். ஆவியாகிவிட்டது என்று இவள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அதற்கு விளக்கம் எழுதியே ஒரு குளிர்காலம் போயிற்று.

இத்தனைக்கும் மேலே ஒரு கைடு. டாக்டர் ராமசுப்ரமணியன், கும்பகோணத்துக்காரர். படிகங்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்பார்கள். பொறுமை என்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. "இன்னும் எத்தனை நாளும்மா?" என்பதே அவருடைய குட் மார்னிங்.

தங்கப் படலம் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்கிற இயந்திரம் இவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கிடையாது. டெல்லியின் மறுகோடியில் வேறொரு நிறுவனத்தில் இருந்தது. அதைக் கட்டி மேய்த்தவர் மல்ஹோத்ரா என்ற என்ஜினீயர். வாரத்தில் ஒரு மத்தியானம் இவளுக்கு ஒதுக்கியிருந்தார். தங்கத்தின் மேல் எலக்ட்ரான்களை வீசினால் எதிரே திரையில் பச்சைப் புள்ளிகள் விழும். அணுக்கள் ஒழுங்காக இருந்தால் புள்ளி கூர்மையாக இருக்கும், இல்லாவிட்டால் வெறும் மூட்டம். மேல் வரிசை நெருக்கியடித்து உட்கார்ந்தால் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பொடிப் புள்ளிகளும் விழுமாம். அவளுக்குப் பல மாதம் மூட்டம்தான் விழுந்தது.

காரணம் பஸ் என்றாள். படலத்தைக் கனமான கண்ணாடி ஜாடியில் மூடி, ஊரைச் சுற்றி ஓடும் முத்ரிகா பஸ்ஸில் எடுத்துப் போவாள்; குலுக்கலில் மூடி நெகிழ்ந்து புகையும் தூசியும் உள்ளே போய்விடும். ஏஷியாட் விளையாட்டுப் போட்டி முடிந்த மறு வருஷம் கோடையில், கண்டக்டர் "ஆகே படோ, ஆகே படோ" என்று கூட்டத்தை முன்னால் தள்ளியதில் ஜாடி விழுந்து நொறுங்கிற்று. இன்னொரு ஜாடி கேட்டு எழுதினால் வருவதற்குள், இனிமேல் எங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கல்யாண வயது வந்துவிடும். காற்றுப் புகாத ஏதாவது ஒன்று உடனே வேண்டும் என்று வீட்டைக் குடைந்தாள்.

எங்கள் வீட்டில் காற்றுப் புகாத வஸ்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவள் அம்மா ஊரிலிருந்து கட்டிப் பெருங்காயம் போட்டு அனுப்பிய தகர டப்பா. திருகு மூடி, உள்ளே ரப்பர் வளையம். தண்ணீரில் முக்கினாலும் சொட்டு உள்ளே போகாது. பெருங்காயம் தீர்ந்துபோயிருந்தது. சோடா போட்டுக் கொதிக்க வைத்தாள். ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அசிட்டோனில் கழுவினாள். மொட்டை மாடியில் டெல்லி மே மாத வெயிலில் காய வைத்தாள். முகர்ந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள், நானும் முகர்ந்தேன். ராமசுப்ரமணியனும் முகர்ந்து பார்த்து, பேஷ், நல்ல யோசனை என்றாராம். ஒருவர் மூக்குக்கும் ஒன்றும் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? எங்கள் துணியில், தலைமுடியில், டிபன் காரியரில், மூச்சில் எல்லாம் அதுதானே இருந்தது. வாழ்ந்து கெட்டவனைப் பார்த்தால் பெருங்காய டப்பா என்று வாய் கூசாமல் சொல்லுகிற ஜனங்கள் நாம். காயம் போனாலும் வாசனை போகாது என்று சொல்லிக்கொண்டே, எம்.எஸ்ஸி. ஒன்றும் டாக்டர் பட்டம் ஒன்றும் செக்ஷன் ஆபீசர் ஒன்றும் கூடி அந்த டப்பாவில் தங்கத்தைப் போட்டு மூடினோம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

டப்பா பிரமாதமாக வேலை செய்தது. மூட்டம் போய்விட்டது. திரையில் புள்ளிகள் பளிச்சென்று விழுந்தன. ஆனால் தங்கத்துக்கு வர வேண்டிய புள்ளிகளோடு, அவற்றுக்கு நடுவில், யாரும் எதிர்பார்க்காத வேறு புள்ளிகளும் அச்சடித்தது போல விழுந்தன. படத்தைப் பார்த்த ராமசுப்ரமணியன் நாற்காலியில் உட்காரவில்லை. இது தங்கத்தின் புது மேற்பரப்பு அமைப்பு, உலகத்தில் ஒருத்தரும் பார்க்காதது என்றார். டைரக்டரிடம் ஓடினார். டிசம்பரில் டெல்லியிலேயே நடக்கிற மாநாட்டுக்குச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார். அவர் பெயரும் இவள் பெயரும் அச்சில் வந்தன. வீட்டில் பாயசம் வைத்தோம்.

அதற்குள் வள்ளியம்மைக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. மல்ஹோத்ரா கரண்ட் இல்லையென்று திருப்பி அனுப்பிய வாரங்களில், படலம் டப்பாவிலேயே கிடக்கும். அப்படிக் கிடந்த படலத்தில் புதுப் புள்ளிகள் இன்னும் பிரகாசமாக இருந்தன. அன்றைக்கே செய்து அன்றைக்கே எடுத்துப் போனதில் மங்கலாக இருந்தன.

"பழகப் பழக ஒழுங்கு கூடறது, வேறென்ன" என்றார் ராமசுப்ரமணியன்.

"தங்கம் என்ன ஊறுகாயாங்க, வச்சிருந்தா நல்லாயிருக்கிறதுக்கு?" என்று என்னிடம் வந்து பொருமினாள்.

அதே வாரம் மல்ஹோத்ராவும் வெடித்தார். "மேடம், ஹர் ஹஃப்தே ஹீங்! இங்கே சாப்பாடு கொண்டு வரக்கூடாது என்று எத்தனை தடவை சொல்வது?" என்று இந்தியில் கத்தினாராம். ஹர் ஹஃப்தே என்றால் வாராவாரம், ஹீங் என்றால் பெருங்காயம். இவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இயந்திர அறைக்குள் ஒரு நாளும் டிபனைத் திறந்தவள் இல்லை. பையைக் கவிழ்த்துக் காட்டினாள். பையிலிருந்து டப்பா உருண்டு விழுந்தது. மல்ஹோத்ரா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவள் மூடியைத் திறந்து மூக்கை உள்ளே விட்டாள். அப்போதும் ஒரு வாசனையும் தெரியவில்லையாம். அந்த ரப்பர் வளையத்தைத் தனியே பிடுங்கி, நெருப்புக்குச்சி கிழித்துக் காட்டியபோதுதான் குப்பென்று வந்ததாம், எங்கள் அடுக்களை வாசனை.

பெருங்காயத்தின் நாற்றம் கந்தகத்தால் வருவது. கந்தகத்துக்குத் தங்கத்தின்மேல் அப்படி ஒரு மோகம். காற்றில் ஒட்டுகிற மற்ற அழுக்கெல்லாம் வெற்றிடத்தில் கொஞ்சம் சூடு காட்டினால் கிளம்பிப் போய்விடும். கந்தகம் போகாது. போகாதது மட்டுமில்லை, தங்க அணுக்களுக்கு நடுவில் தானும் வரிசை பிடித்து உட்கார்ந்துகொள்ளும். உலகமே பார்க்காத புது அமைப்பு என்பது என் மாமியார் அனுப்பிய பெருங்காயத்தின் மிச்சம்.

சும்மா சொல்லக்கூடாது, என் மனைவி அவசரப்படவில்லை. போட்டோ ஸ்டுடியோவில் பிலிம் சுருள் வருகிற அலுமினிய டப்பிகளை வாங்கி அடுப்பில் சுட்டுச் சுத்தம் செய்தாள். ஒரு படலத்தை அதில் வைத்தாள். இன்னொன்றைப் பழைய டப்பாவில் வைத்தாள். மற்றொன்றை ஒரு துண்டுப் புதுப் பெருங்காயத்தோடு சேர்த்து மூடினாள். பெருங்காயத்தோடு இருந்தது திரையில் தீபாவளி மாதிரி ஜொலித்தது. பிலிம் டப்பியில் இருந்ததில் புதுப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

போய் கைடிடம் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பிய பிறகுதான் கோபம் வந்தது.

"மாநாட்டுல போய் என்னன்னு சொல்றது? சாம்பார்னா? டைரக்டர் கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுண்டு போவேன்? மதராஸிகளைப் பார்த்துச் சிரிக்கறதுக்கு இந்த ஊர்ல வேற காரணமே கிடைக்கலையா அவாளுக்கு?"

"என்ன சார் செய்யறது, நடந்துருச்சே."

"கந்தகம் கலந்த ஏதோ மாசு, மூலம் தெரியலைன்னு சொல்லிடலாம். தீசிஸ்லயும் அப்படியே எழுது. பெருங்காய டப்பான்னு ஒரு பக்கம் எழுதியிருக்கியே, அதை எடு. அதை எடுத்தாத்தான் என் கையெழுத்து."

இவள் எடுக்கமாட்டேன் என்றாள். அப்படியானால் மாநாட்டில் நீயே பேசிக்கொள், நான் மேடை ஏறமாட்டேன் என்றுவிட்டார். அன்றோடு அவளிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டார். மார்ச்சோடு அவளுடைய பதிவு காலாவதி. கைடு கையெழுத்து இல்லாவிட்டால் அத்தனை வருஷமும் அம்போ.

நான் வீட்டில் கரடியாகக் கத்தினேன். ஒரு சொல். ஒரே ஒரு சொல்லை அடித்துவிட்டால் பட்டம். என் ஆபீசில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் பாதிப்பேர், மீதிப்பேருக்கு நான் இட்லி சாம்பார். நாமே கொண்டுபோய் அவர்கள் வாயில் அவலைப் போட வேண்டுமா? கந்தகம் என்று சொல்லிவிட்டுப் போயேன், அதுவும் நிஜம்தானே என்றேன்.

அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"கந்தகம்னு சொன்னா எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லணும். எனக்குத்தான் தெரியுமேங்க."

"தெரிஞ்சா என்ன? பாதி டெல்லி தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னுதான் சொல்லுது!"

"நாளைக்கு இன்னொருத்தி வருவா. அவளும் ஏதாவது டப்பாவைக் கழுவிட்டுச் சுத்தமா இருக்குன்னு நினைப்பா."

செவிடன் காதில் ஊதிய சங்கு. அவள் வழக்கம்போல இரண்டு பஸ் பிடித்துப் போனாள், படலம் செய்தாள், பிலிம் டப்பியில் வைத்து மல்ஹோத்ராவிடம் கொண்டுபோனாள், வந்து படுத்தாள். என்ன வந்தது, என்ன வரவில்லை என்று என்னிடமும் சொல்லவில்லை. கோபத்தில் நானும் கேட்கவில்லை.

மாநாட்டன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். அவள் பேசப்போவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அவளைத் தனியாக அந்தச் சபையில் விடவும் மனசு கேட்கவில்லை. கடைசி வரிசையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். முன் வரிசையில் ராமசுப்ரமணியனின் வழுக்கை தெரிந்தது. அரங்கம் நிறைய ஆள். டைரக்டரும் வந்திருந்தார்.

வள்ளியம்மை பழைய மைசூர் சில்க்கில், மேலே ஸ்வெட்டரோடு ஏறினாள். விளக்கை அணைத்தார்கள். புதுப் புள்ளிகள் உள்ள படத்தைப் போட்டாள். சுருக்கத்தில் இதைப் புது அமைப்பு என்று அச்சிட்டிருக்கிறோம், அது தவறு, இது கந்தகம் என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். கந்தகம் வந்தது நாங்கள் படலத்தை வைத்திருந்த பெருங்காய டப்பாவிலிருந்து என்றாள்.  அரங்கத்தில் யாரோ "ஹீங்?" என்றான். அவ்வளவுதான், கூரை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு.

எனக்குக் காது மடல் எரிந்தது. எழுந்து போய் அந்தப் பயல்களின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் சிரிப்பு அடங்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடங்கியதும் அடுத்த படத்தைப் போட்டாள். பெருங்காயம் படாத தங்கம். அதைப் பற்றி நாலு வாக்கியம் சொன்னாள். ஒருத்தனும் கேட்கவில்லை, பாதிப்பேர் இன்னும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேரம் வந்தது. என்ன பிராண்ட் என்றான் ஒருத்தன். மறுபடி சிரிப்பு. பூண்டு டப்பா முயன்றீர்களா என்றான் இன்னொருத்தன். ரசம் வைத்தால் என்ன புள்ளி விழும் என்று குரலை மாற்றிக் கேட்டான் யாரோ. அவள் முதல் கேள்விக்கு, பிராண்ட் இல்லை, மூடி இறுக்கமாக இருந்ததால் எடுத்தோம் என்று பதில் சொன்னாள். மற்ற இரண்டையும் விட்டுவிட்டு, வேறு கேள்வி உண்டா என்று கேட்டாள். அவள் பின்னால் திரையில் அந்தச் சுத்தத் தங்கம் அப்படியே இருந்தது. அத்தனை வருஷ உழைப்பு அதுதான். அதை ஒருத்தன் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது முன் வரிசையில் ஒரு நாற்காலி கீச்சிட்டது. ராமசுப்ரமணியன் எழுந்து மேடைப் படியில் ஏறினார். அவரும் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. நேராகத் திரைக்குப் போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று, ஒரு புள்ளியைச் சுற்றி விரலால் தடவினார். படத்தில் பாதி அவர் வெள்ளைச் சட்டை முதுகில் விழுந்தது. அப்போதுதான் நானும் கவனித்தேன். ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிப் பொடிப் பொடியாக வேறு புள்ளிகள் இருந்தன. மேல் வரிசை நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டது. அவள் ஆசைப்பட்டது வந்துவிட்டது.

சபை இருப்பதையே மறந்துவிட்டு அவர் தமிழில் கத்தினார். "வள்ளியம்மை, இதை ஏன்டீம்மா எங்கிட்ட காட்டலை நீ?"

"நீங்கதான் என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டீங்களே சார்" என்றாள்.

தமிழ் தெரியாதவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நேரம் முடிந்ததென்று கூட்டத் தலைவர் மணியை அடிக்கப் போனார். ராமசுப்ரமணியன் திரும்பி, கையை ஓங்காத குறையாக, "அவளுக்கு நேரம் கொடுங்கள். அந்தப் புது அமைப்பு என்ற அசட்டுத்தனம் என்னுடையது, அதற்கு இத்தனை நாழி சிரித்தீர்கள். இதைப் பாருங்கள் இப்போது" என்று ஆங்கிலத்தில் இரைந்தார். பிறகு கீழே இறங்காமல் மேடையிலேயே ஓரமாக நின்றார். வள்ளியம்மை அந்தப் படத்தை முதலிலிருந்து விளக்கினாள். இந்த முறை பேனாக்கள் வெளியே வந்தன.

டீ இடைவேளையில் நானும் அவளும் ஓரமாக நின்றிருந்தோம். அவர் சமோசாத் தட்டோடு வந்தார். மன்னிப்புக் கேட்கிற முகமே இல்லை, இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தார்.

"திங்கட்கிழமை தீசிஸை எடுத்துண்டு வா."

"அந்தப் பக்கத்தை எடுக்கலை சார் நான்."

"எடுத்துப் பாரேன்! எடுத்தா என் கையெழுத்து கிடையாது" என்று சொல்லிவிட்டு, சமோசாவைக் கடித்துக்கொண்டே போய்விட்டார்.

அவள் "சரி சார்" என்று மட்டும் சொன்னாள். பஸ் ஸ்டாப்புக்கு வந்து, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, டெல்லிக் குளிரில் நின்ற அத்தனை பேரும் பார்க்கும்படி அழுதாள். சந்தோஷம் என்று நினைத்து முதுகைத் தட்டினேன். கையைத் தள்ளிவிட்டாள்.

"இத்தனை மாசம், ஒரு நாள், ஒரே ஒரு நாள் வந்து என்ன படம் விழுந்துச்சுன்னு கேட்டிருக்கலாம்லங்க" என்றாள்.